ஐஸு சிற்றரசும் அதை ஆண்ட ஆறு குலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1868 நவம்பரில், ஒரு மாத முற்றுகைக்குப் பிறகு, ஜப்பானின் ஐஸுக் கோட்டையில் வெள்ளைக் கொடி ஏற்ற வேண்டிய நேரம் வந்தது. கோட்டைக்குள் வெள்ளைத் துணி இல்லை. இருந்ததெல்லாம் காயங்களுக்குக் கட்டுப் போட்டே தீர்ந்துவிட்டது. கிடைத்த கிழிசல்களைப் பொறுக்கி, பெண்கள் உட்கார்ந்து தைத்துத்தான் கொடி செய்தார்கள்.

இந்த நிலைக்கு அந்தச் சிற்றரசு எப்படி வந்தது என்று கேட்டால், பலரும் 1868இல் இருந்து கதையைத் தொடங்குவார்கள். அதற்குச் சரியாக 200 வருஷம் முன்பு எழுதிவைத்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது என்பது என் கட்சி. அந்த வாக்கியத்துக்கு நடுவில் வருவோம். கேள்விகளைக் காலவரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

ஐஸு எங்கே இருக்கிறது? பெயர் ஐஸ் மாதிரி ஒலிக்கிறதே?

பனி கொட்டும் ஊர்தான். ஆனால் பெயருக்கும் ஐஸுக்கும் சம்பந்தமில்லை. பேரரசர் இரண்டு வேறு வழிகளில் அனுப்பிய தந்தையும் மகனுமான இரு தளபதிகள் வந்து சந்தித்த இடம் என்பதால் 'சந்திக்கும் துறை' என்று பெயர் வந்ததாக ஒரு பழங்கதை உண்டு.

ஹொன்ஷு தீவின் வடகிழக்கில், இன்றைய ஃபுகுஷிமா மாநிலத்தின் மேற்குப் பகுதி இது. கடற்கரை கிடையாது. சுற்றிலும் மலை, நடுவில் தட்டையான நெல்வயல், கிழக்கே இனவாஷிரோ ஏரி, அதன் தலைமாட்டில் பண்டாய் எரிமலை. வடக்கே இருக்கும் முரட்டுப் பிரபுக்களைக் கண்காணிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அதனால்தான் ஜப்பானில் யார் கை ஓங்கினாலும், அடுத்த வேலையாக ஐஸுவில் தனக்கு வேண்டிய ஆளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

'ஹான்', 'கொகு' என்றெல்லாம் படிக்கிறோமே, அவை என்ன?

ஹான் என்பது ஒரு டைம்யோ, அதாவது பெரும் பிரபு, ஆண்ட பகுதி. எடோ காலத்தில் (1603–1868) நாடு முழுக்க ஏறத்தாழ 260, 270 ஹான்கள் இருந்தன. சிற்றரசு என்று இங்கே எழுதுகிறேன், ஆனால் டைம்யோவை நம் பாளையக்காரர் மாதிரி நினைத்துக்கொண்டால் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோவோம். மண் அவருடையது இல்லை. மேலே இருக்கும் ஷோகுன், அதாவது பேரரசர் பெயரில் நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவர், ஒரு கடிதம் அனுப்பினால் பானை சட்டியோடு, ஆயிரக்கணக்கான சாமுராய்க் குடும்பங்களோடு, வேறு மூலைக்குக் குடிபெயர வேண்டும். விவசாயி மட்டும் இடத்தைவிட்டு நகரமாட்டான்.

கொகு (கொக்கு இல்லை) என்பது நெல் வருமானத்தின் அளவு. ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி ஒரு கொகு, சுமார் 150 கிலோ. நம் கணக்கில் 75 கிலோ மூட்டை இரண்டு. ஒரு பிரபுவின் அந்தஸ்து, அவர் எத்தனை வீரர்களை அனுப்ப வேண்டும், தலைநகரில் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

ஐஸுவை முதலில் ஆண்டவர்கள் யார்?

அஷினா குலம். 1189இல் வடக்கை வென்ற மினமோட்டோ யோரிடோமோ, தன் பக்கம் போரிட்ட மியுரா குலத்துக் கிளை ஒன்றுக்கு இந்தப் பகுதியைக் கொடுத்தார். அந்தக் கிளைதான் பின்னால் அஷினா ஆனது. 1384இல் இன்றைய கோட்டை இருக்கும் இடத்தில் அஷினா நவோமோரி ஒரு மாளிகை கட்டியதாகச் சொல்கிறார்கள். அதன் பெயர் குரோகவா.

பதினாறாம் நூற்றாண்டில் அஷினா மோரியுஜி காலத்தில் உச்சத்துக்குப் போனார்கள். அவர் 1580இல் இறந்தார். பிறகு வாரிசுத் தகராறு. 1584இல் ஒரு பிரபு சொந்தச் சேவகன் கையாலேயே கொல்லப்பட்டார். கடைசியில் சதாகே என்ற வேற்றுக் குலத்துப் பையன் ஒருவனைத் தத்தெடுத்து உட்காரவைத்தார்கள். அவனோடு வந்த ஆட்களுக்கும் உள்ளூர்ப் பழைய ஆட்களுக்கும் ஒத்துப்போகவில்லை. கிட்டத்தட்ட 400 வருஷக் குலம் உள்ளிருந்தே உளுத்துப்போயிருந்தது. வெளியே ஒருவன் காத்திருந்தான்.

அந்த ஒருவன்தான் ஒற்றைக்கண் தாதே மசமுனேயா?

அவரேதான், வடக்கே இருந்த பக்கத்துப் பிரபு. 1589இல், பண்டாய் மலையடிவாரத்தில் சுரியகெஹாரா என்ற மேட்டு வெளியில் போர் நடந்தது. இனவாஷிரோவில் இருந்த அஷினா உறவினரே மசமுனே பக்கம் தாவிவிட்டார். தோற்று ஓடிய அஷினா படை ஆற்றங்கரைக்கு வந்தபோது பாலம் உடைக்கப்பட்டிருந்தது. பலர் தண்ணீரில் போனார்கள்.

மசமுனேக்கு அப்போது வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை. ஆனால் இந்த வெற்றியை அவர் அனுபவித்தது ஒரே வருஷம். யாரும் சொந்தமாகச் சண்டை போடக் கூடாது என்று அப்போது நாட்டையே தன் கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த டொயோடோமி ஹிதேயோஷி ஏற்கனவே தடை போட்டிருந்தார். அதை மீறியதற்குத் தண்டனையாக 1590இல் ஐஸு பிடுங்கப்பட்டது. ஹிதேயோஷி முன்னால் மசமுனே பிணத்துக்கு உடுத்தும் வெள்ளை உடையில் போய் நின்றார் என்ற கதை பிரபலம். உடை எதுவானாலும் தலை தப்பியது, ஊர் போனது.

கமோ உஜிசாதோவைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இன்றைய ஊரை உண்டாக்கியவர் அவர் என்பதால். மேற்கே ஓமி நாட்டு ஹினோ ஊர்க்காரர், ஹிதேயோஷிக்கு முன் கோலோச்சிய நோபுநாகாவின் மருமகன், லியோன் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர், தேநீர்க் கலையில் சென் நோ ரிக்யூவின் மாணவர். மசமுனேயைக் கட்டுப்படுத்த நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று ஹிதேயோஷி இவரை 1590இல் அனுப்பினார். கியோட்டோவைவிட்டு இவ்வளவு தூரம் தள்ளிவிட்டார்களே என்று உஜிசாதோ கண்கலங்கியதாகச் சொல்வார்கள்.

கலங்கினாலும் சும்மா இருக்கவில்லை. 1593இல் ஏழு அடுக்குக் கோபுரத்தோடு கோட்டையைக் கட்டி முடித்தார். ட்ஸுருகா-ஜோ, நாரைக் கோட்டை என்ற பெயர் அப்போது வந்தது. குரோகவா என்ற ஊர்ப்பெயரை மாற்றி, தன் சொந்த ஊர்க் காட்டின் நினைவாக வகமட்சு என்று வைத்தார். ஹினோவிலிருந்து அரக்குவேலைக் கைவினைஞர்களையும் வியாபாரிகளையும் அழைத்துவந்தார். ஐஸு அரக்குப் பாத்திரம் இன்றும் விற்பனையில் இருக்கிறதென்றால் அந்தக் குடியேற்றம்தான் காரணம்.

இன்னொன்றும் செய்தார். 1591இல் ஹிதேயோஷியின் கோபத்துக்கு ஆளாகி ரிக்யூ தன் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. குருவின் மகன் ஷோஅனுக்கு உஜிசாதோ ஐஸுவில் அடைக்கலம் கொடுத்து, பின்னால் கியோட்டோவுக்குத் திரும்ப வழிசெய்தார். இன்று ஜப்பானியத் தேநீர்க் கலையில் பேர்போன சென் குடும்பங்கள் எல்லாம் இந்த ஷோஅன் வழியில் வந்தவை. கோபக்கார எஜமானனுக்கு வேண்டாத ஆளை ஒளித்துவைப்பது லேசான காரியம் இல்லை.

சாகும்போது அவர் ஆட்சிப்பரப்பு 9 லட்சம் கொகுவைத் தாண்டியிருந்தது. ஆனால் 1595இல் நாற்பது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஹிதேயுகி சிறுவன். 1598இல் பையனை உட்ஸுனோமியாவுக்கு, முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இடத்துக்கு, அனுப்பிவிட்டார்கள்.

செகிகஹாரா போருக்கும் ஐஸுவுக்கும் என்ன தொடர்பு?

அந்தப் போருக்குத் திரி பற்றவைத்த இடமே இதுதான். கமோவுக்குப் பதிலாக வந்தவர் உயெசுகி காகெகட்சு, 12 லட்சம் கொகுவோடு. வந்ததும் சாலை போட்டார், பாலம் கட்டினார், புதிதாக ஒரு கோட்டைக்கு அஸ்திவாரம் தோண்டினார். அதே 1598இல் ஹிதேயோஷி இறந்திருந்தார். 'எதற்கு இந்த ஏற்பாடு? நேரில் வந்து விளக்கம் சொல்' என்று, பின்னால் ஷோகுன் ஆகப்போகும் டொகுகவா இயெயாசு கேட்டார். காகெகட்சுவின் அமைச்சர் நவோயே கானெட்சுகு நக்கலாக ஒரு பதில் கடிதம் அனுப்பினார் என்பார்கள். அந்தக் கடிதம் அசலா பின்னால் புனைந்ததா என்று அறிஞர்கள் இன்னும் சண்டைபோடுகிறார்கள்.

1600இல் இயெயாசு ஐஸு மேல் படையெடுத்துக் கிளம்பினார். பாதி வழியில் இருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் இஷிதா மிட்சுனாரி எழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. படை திரும்பியது. செகிகஹாராவில் மோதி இயெயாசு வென்றார். ஐஸுவுக்கு அவர் வந்து சேரவே இல்லை. உயெசுகி மட்டும் 12 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்குச் சுருங்கி யோனேசவாவுக்குப் போனார்.

அதற்குப் பிறகு கமோ குலம் திரும்பி வந்ததா?

வந்தது. ஹிதேயுகி இப்போது இயெயாசுவின் மருமகன் ஆயிற்றே. 1601இல் 6 லட்சம் கொகு. 1611இல் பெரிய நிலநடுக்கம் கோட்டையைச் சாய்த்தது, மறுவருஷம் அவரும் இறந்தார். மகன் 1627இல் வாரிசில்லாமல் அம்மையில் போனதும் கதை முடிந்தது.

அடுத்தது காத்தோ யோஷியாகி, 4 லட்சம் கொகு. அவர் நல்ல போர்வீரர். மகன் அகினாரிதான் சிக்கல். மூத்த அதிகாரி ஹோரி மோந்தோவோடு மோதல் முற்றி, 1639இல் அந்த மோந்தோ குடும்பத்தையும் முந்நூறு ஆட்களையும் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் வெளியேறினார். போகிற போக்கில் எஜமானன் கோட்டையைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போனார்! அகினாரி அவரை மலைமடம் வரை துரத்திப் பிடித்துக் கொன்று ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார். ஆனால் மானம் போய்விட்டது. அப்புறம் பஞ்சம் வந்து விவசாயிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். 1643இல் சிற்றரசையே ஷோகுனிடம் ஒப்படைத்துவிட்டார். ஏழு அடுக்காக இருந்த கோபுரத்தை ஐந்து அடுக்காக மாற்றிக் கட்டியது மட்டும் அகினாரி கணக்கில் மிச்சம்.

54 வருஷத்தில் ஆறு முறை கைமாறிய ஊர். அடுத்து வந்தவர்கள் 225 வருஷம் நகரவில்லை.

ஹோஷினா மசயுகி யார்?

இரண்டாம் ஷோகுன் ஹிடெடாதாவுக்கு மனைவி அல்லாத ஒரு பெண்ணிடம் 1611இல் பிறந்த மகன். ஷோகுனின் மனைவி ஓஎயோவுக்குத் தெரிந்தால் பிள்ளை உயிரோடு இருக்காது என்று பயந்து, தகேடா ஷிங்கெனின் மகளிடம் ஒளித்து வளர்த்தார்கள். பிறகு தகாதோ என்ற சின்ன மலையூர்ப் பிரபுவான ஹோஷினாவுக்குத் தத்துக் கொடுத்தார்கள். அப்பா முகம் பார்க்காமலே வளர்ந்தவர்.

மூன்றாம் ஷோகுன் இயெமிட்சு, தனக்கு இப்படி ஒரு தம்பி இருப்பதைத் தற்செயலாகத் தெரிந்துகொண்டாராம். தெரிந்தபின் தூக்கிவிட்டார்: தகாதோவிலிருந்து 1636இல் யமகதா, 1643இல் 2 லட்சத்து 30 ஆயிரம் கொகுவோடு ஐஸு. 1651இல் சாகும் தறுவாயில், பதினோரு வயதுகூட நிரம்பாத தன் மகனைத் தம்பி கையில் ஒப்படைத்தார். அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் மசயுகி பெரும்பாலும் ஷோகுனின் தலைநகரான எடோவிலேயே (இன்றைய டோக்கியோ) இருந்து நாட்டைப் பார்த்துக்கொண்டார்.

1657இல் எடோ நகரம் எரிந்தது. ஷோகுன் கோட்டையின் பெரிய கோபுரமும் சாம்பல். மறுபடி கட்ட வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, 'தூரத்தைப் பார்க்கத்தான் அது உதவும், அதற்குச் செலவழிக்கும் பணத்தை ஊரைக் கட்டச் செலவழிப்போம்' என்ற பொருளில் மறுத்தவர் இவர். டோக்கியோ அரண்மனைத் தோட்டத்துக்குப் போனால் இன்றும் வெறும் கல்பீடம்தான் நிற்கிறது. மேலே ஒன்றும் இல்லை. அவர் கட்டியவற்றைவிட, கட்டாமல் விட்ட அந்தக் கோபுரம்தான் எனக்குப் பிடிக்கும்.

ஐஸுவில் 1655இல் பஞ்ச காலத்துக்கான தானியக் களஞ்சியம் ஏற்படுத்தினார். 1663இல் தொண்ணூறு வயதைத் தாண்டிய எல்லோருக்கும், ஆணோ பெண்ணோ, சாமுராயோ விவசாயியோ, ஒரு ஆள் சாப்பாட்டுக்கான அரிசி. எஜமானன் செத்தால் சேவகனும் உடன் சாகும் வழக்கத்தைத் தன் சிற்றரசில் தடுத்தார். சீக்கிரமே ஷோகுன் அரசும் அதையே நாடு முழுக்கச் செய்தது.

சரி, அந்த வாக்கியம் எது?

1668இல் மசயுகி தன் குலத்துக்குப் பதினைந்து விதிகள் எழுதினார். முதல் விதியின் சாரம் இது: ஷோகுனுக்கு ஒரே மனதோடு ஊழியம் செய்ய வேண்டும், மற்றச் சிற்றரசுகள் எப்படி நடக்கின்றன என்பதை அளவாக வைத்துக்கொள்ளக் கூடாது, என் வழியில் வருபவன் எவனாவது இரண்டு மனம் வைத்தால் அவன் என் சந்ததி இல்லை, நீங்கள் யாரும் அவனைப் பின்பற்றக் கூடாது.

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். பிரபுவின் கையைக் கட்டும் அதிகாரத்தைச் சேவகர்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒளித்து வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு அண்ணன் காட்டிய அன்பின் நன்றிக்கடன் இது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சொந்த நன்றிக்கடனை அடுத்த பத்துத் தலைமுறைக்கும் எழுதிவைத்தால் என்ன ஆகும்? அதை ஆண்டுதோறும் சபையில் உரக்கப் படித்தார்கள். பிரபுவும் தலைகுனிந்து கேட்பார்.

நாலாவது விதி, பெண்கள் பேச்சைக் கேட்காதே என்கிறது. இதற்குப் பின்னால் ஒரு வீட்டுத் துயரம் இருப்பதாகச் சொல்வார்கள்: மசயுகியின் மனைவி, கணவனுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகள்மேல் பொறாமைப்பட்டு விருந்தில் நஞ்சு வைக்க, தட்டு மாறி, அவள் பெற்ற மகளே இறந்துபோனாள். அந்த மகள் யோனேசவா உயெசுகி வீட்டு மருமகள். எந்த வீட்டிலும் ஒரு பெண் செய்ததற்கு எல்லாப் பெண்களுக்கும் விதி எழுதுவதுதான் வழக்கமாகிவிட்டது. 1868இல் இந்தச் சிற்றரசின் மானத்தைக் காப்பாற்றியதில் பாதிப் பேர் பெண்கள் என்பதையும் பின்னால் பார்ப்போம்.

ஹோஷினா எப்படி மட்சுதைரா ஆனது?

மட்சுதைரா என்பது ஷோகுன் குலமான டொகுகவாக்களின் பழைய பெயர். நெருங்கிய உறவினர்களுக்கு உரியது. கொடுத்தபோது, வளர்த்த வீட்டுக்குத் துரோகம் ஆகும் என்று மசயுகி வாங்கவில்லை. மூன்றாம் பிரபு 1696இல் பெயரையும் மூவிலைச் சின்னத்தையும் ஏற்றுக்கொண்டார்.

ஊர் எப்படிப் பிழைத்தது? விவசாயிகள் சந்தோஷமாக இருந்தார்களா?

நெல், அரக்குப் பாத்திரம், அரக்கு மரத்துக் காயில் எடுத்த மெழுகில் பூ வரைந்த மெழுகுவர்த்தி, சாக்கே என்ற அரிசி மது, ஜின்செங். கடைசியாகச் சொன்னது மருந்து வேர், நல்ல லாபம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தனக்கா ஹருனகா என்ற அமைச்சர் இவற்றையெல்லாம் திட்டமிட்டு வளர்த்துக் கடனில் இருந்து சிற்றரசை மீட்டார்.

சந்தோஷம் பற்றிக் கேட்டால், 1749இல் விளைச்சல் பொய்த்தும் வரியைக் குறைக்காததால் விவசாயிகள் திரண்டு கோட்டை நகர்மேல் வந்தார்கள் என்பதே பதில்.

'ஆகாதது ஆகாததுதான்' என்ற விதி எங்கிருந்து வந்தது?

ஆறு முதல் ஒன்பது வயது வரையான சாமுராய்ச் சிறுவர்கள் தெருவாரியாகக் குழு சேர்ந்து, தினமும் ஒரு வீட்டில் கூடி, மூத்தவன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் ஏழு விதிகளின் முடிவு அது. பெரியவர் சொல்லை மீறாதே, வணங்கு, பொய் சொல்லாதே, கோழைத்தனம் காட்டாதே, எளியவனைத் துன்புறுத்தாதே, வெளியில் நின்று எதையும் தின்னாதே, வெளியில் பெண்ணிடம் பேசாதே. மீறியவன் உண்டா என்று விசாரணை நடக்கும். தண்டனை, நண்பர்கள் முன் மன்னிப்புக் கேட்பது முதல் சில நாள் யாரும் பேசாமல் விலக்கிவைப்பது வரை. ஐஸுக்காரர்களின் பிடிவாதத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது. காரணம் கேட்க முடியாத விதி அது.

பத்து வயதானதும் 1803இல் கட்டி முடித்த நிஷின்கான் பள்ளி. வானாய்வு மேடையும் நீச்சல் குளமும்கூட இருந்தன.

மலைநாட்டு ஐஸு கியோட்டோ அரசியலில் ஏன் தலையிட்டது?

தலையிடவில்லை, தலையில் கட்டினார்கள். 1862இல், பேரரசர் இருந்த கியோட்டோவில் தினம் ஒரு கொலை. வெளிநாட்டாரை விரட்டு, ஷோகுனை இறக்கு என்று சோஷு போன்ற மேற்குச் சிற்றரசுகளின் இளைஞர்கள் வாளோடு திரிந்தார்கள். கியோட்டோ காவல் பொறுப்புக்கு யாரும் முன்வரவில்லை. தத்து வந்து ஒன்பதாம் பிரபுவான மட்சுதைரா கதாமோரி இருபதுகளில் இருந்தார், உடம்பும் சரியில்லை. முடியாது என்றார். 'உங்கள் முன்னோர் மசயுகி இருந்தால் மறுப்பாரா?' என்று எடோவிலிருந்து ஒரு கொக்கி போட்டார்கள். முதல் விதி வேலை செய்தது.

மூத்த அமைச்சர் சைகோ தனோமோ ஓடிவந்து தடுத்தார். விறகைச் சுமந்துகொண்டு நெருப்பை அணைக்கப் போவது போல என்றார். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது ஆறு வருஷத்தில் தெரிந்தது.

கதாமோரி ஆயிரம் பேரோடு போனார். ஷின்செங்குமி என்ற பெயர்போன காவல்படை இவர் கீழ்தான் இயங்கியது. 1863இல் தென்மேற்குச் சிற்றரசான சட்சுமாவோடு சேர்ந்து சோஷுக்காரர்களைக் கியோட்டோவிலிருந்து வெளியேற்றினார். கோமெய் பேரரசர் மனம் நெகிழ்ந்து, தன் கையாலேயே பாராட்டுக் கடிதமும் கவிதையும் எழுதிக் கொடுத்தார். ஒரு சாமுராய்ப் பிரபுவுக்குப் பேரரசர் இப்படி எழுதுவது அபூர்வம்.

பேரரசருக்கு வேண்டியவர் எப்படி 'அரசவையின் எதிரி' ஆனார்?

1867 தொடக்கத்தில் கோமெய் இறந்தார். சட்சுமா இதற்குள் சோஷு பக்கம் சாய்ந்திருந்தது. புதிய பேரரசர் சிறுவர். 1868 ஜனவரியில் கியோட்டோ அருகே டோபா-ஃபுஷிமியில் சட்சுமா, சோஷு படைகளிடம் ஷோகுன் தரப்பு தோற்றது. கடைசி ஷோகுன் யோஷினோபு இரவோடு இரவாக ஒசாகா கோட்டையிலிருந்து நழுவிக் கப்பலேறினார். கதாமோரியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார். போரிட்ட ஐஸு வீரர்கள் காலையில் எழுந்து பார்த்தால் தலைவர்கள் இல்லை.

பிறகு யோஷினோபு புதிய அரசுக்கு அடிபணிந்து தப்பித்தார். யாரையாவது தண்டிக்க வேண்டுமே? ஐஸு இருந்தது. வடக்குச் சிற்றரசுகள் பரிந்து பேசிப் பார்த்தன, ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே மனதோடு ஊழியம் செய்யச் சொன்ன குலவிதி, அந்த ஊழியத்தைப் பெற்றவரே கைவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

முற்றுகையில் என்ன நடந்தது?

1868 அக்டோபர் 6இல் போனாரி கணவாய் விழுந்தது. இரண்டே நாளில் எதிரி நகருக்குள். சுமார் 5,000 பேர் கோட்டைக்குள் அடைந்தார்கள். பக்கத்துக் குன்றிலிருந்து பீரங்கி இரவும் பகலும் சுட்டது. விழுந்த குண்டு வெடிக்குமுன் பெண்கள் நனைத்த மெத்தையோடு ஓடிப்போய் அதன்மேல் போட்டு அமுக்குவார்கள். சில நேரம் குண்டு முந்திக்கொள்ளும். ஐஸுப் படைத்தலைவர்களில் ஒருவரான யமகவா ஓகுராவின் மனைவி அப்படித்தான் இறந்தார்.

அந்த யமகவா உள்ளே வந்த விதம்தான் இந்த முற்றுகையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி. எல்லையில் இருந்த அவர் படையோடு திரும்பியபோது நகரைச் சுற்றி எதிரி. கோமட்சு என்ற கிராமத்தில் சிங்க முகமூடி ஆட்டம் ஆடும் குழு ஒன்று இருந்தது. அவர்களை முன்னால் விட்டார். குழல் ஊதி, மேளம் அடித்து, முகமூடி ஆட்டத்தோடு ஊர்வலமாக எதிரி வரிசைக்கு நடுவே நடந்தார்கள். யாருடைய படை இது, எதற்கு இந்தக் கூத்து என்று அவர்கள் வாய்பிளந்து நிற்கும்போதே வாசல் வந்துவிட்டது. ஒரு தோட்டா செலவில்லை.

வெண்புலிப் படைச் சிறுவர்கள் கோட்டை எரிவதாகத் தவறாக நினைத்துத்தான் இறந்தார்களா?

பள்ளிப் புத்தகக் கதை அதுதான். பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் ப்யாக்கோத்தாய், அதாவது வெண்புலிப் படையின் ஒரு பிரிவு தோற்று, நீர்க்கால் குகை வழியாக நுழைந்து இமோரி குன்றுக்கு வந்தது. கீழே நகரம் எரிந்தது, கோட்டையைப் புகை மறைத்தது. அங்கேயே உயிரை விட்டார்கள். இன்று 19 கல்லறைகள்.

பிழைத்தவர் ஒருவர்: ஈனுமா சதாகிச்சி. தந்தித்துறையில் வேலை பார்த்து 1931 வரை வாழ்ந்தார். அவர் வழியாகக் கிடைத்த விவரம் வேறு மாதிரி இருக்கிறது. கோட்டை விழவில்லை என்று தெரிந்தும், திரும்பிப் போவதா எதிரிமேல் பாய்வதா என்று வாதிட்டு, பிடிபடுவதைவிடச் சாவது மேல் என்று முடிவெடுத்தார்களாம். தவறான புரிதல் என்றால் விபத்து என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இது அதைவிடக் கனமானது. தெருவோர வீடுகளில் ஆறு வயதில் ஒப்பித்த பாடத்தின் முடிவு.

பெண்கள்?

சைகோ தனோமோ வீட்டில், எதிரி நுழைந்த அன்று, அவர் மனைவி, தாய், தங்கைகள், குழந்தைகள், உறவினர் என 21 பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். போர் வேண்டாம் என்று முதலில் சொன்ன மனிதரின் வீடு அது. அவர் 1903 வரை உயிரோடு இருந்தார்.

நகானோ தகேகோ நீண்ட பிடி போட்ட வாளோடு பெண்களைத் திரட்டிப் பாலத்தருகே மோதினார், மார்பில் குண்டு பட்டது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன் தலையை வெட்டி எடுத்துப்போகும்படி தங்கையிடம் சொன்னார். யமமோட்டோ யாயே ஆண் உடையில் ஸ்பென்சர் துப்பாக்கியோடு கோட்டைக்குள் நின்றார். பின்னாளில் இவர் கணவரோடு சேர்ந்து கியோட்டோவில் தோஷிஷா பள்ளியை வளர்த்தார்.

செத்தவர்களைப் புதைக்க விடவில்லை என்பது உண்மையா?

நூறு வருஷமாக நம்பிவந்த குறை இது. குளிர்காலம் முழுக்கப் பிணங்களை நாய் நரிக்கு விட்டார்கள் என்று. ஆனால் 2016இல் ஒரு பழைய செலவுக் கணக்கு கிடைத்தது. சரணடைந்து சில நாளிலேயே புதிய அரசின் உத்தரவில் 567 உடல்களை அடக்கம் செய்த செலவு அதில் வரிவரியாக இருக்கிறது. எல்லா உடல்களும் அதில் அடங்கவில்லை, அவமரியாதையே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் முழுத் தடை என்ற கதை நிற்கவில்லை.

விவசாயிகள் யார் பக்கம்?

யார் பக்கமும் இல்லை. தங்கள் பக்கம். சண்டை வந்ததும் சாமானை மூட்டைகட்டி மலைக்குப் போனார்கள். சரணடைந்து இரண்டு வாரத்துக்குள் ஐஸு முழுக்கக் கிளர்ச்சி வெடித்தது. ஊர்த்தலைவர் வீடுகளில் புகுந்து வரிப் புத்தகங்களையும் அடமானப் பத்திரங்களையும் கொளுத்தினார்கள். முற்றுகைப் படைத் தலைவர்களில் ஒருவரான இதகாகி தைசுகே, மக்கள் இப்படி ஒதுங்கி நின்றதைப் பார்த்துத்தான், உரிமை இல்லாதவனுக்கு நாடு எதற்கு என்று யோசிக்கத் தொடங்கியதாகப் பின்னால் சொன்னார். மக்கள் உரிமை இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். சாமுராய்களின் ஐஸு மட்டுமே ஐஸு இல்லை.

தோற்றபின் சாமுராய்கள் என்ன ஆனார்கள்?

சரணாகதிச் சடங்குக்கு விரித்த சிவப்புக் கம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள், அந்த நாளை மறக்காமல் இருக்க. பிறகு சிறை.

1869இல் கதாமோரியின் கைக்குழந்தை பெயரில் குலம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடம், ஹொன்ஷுவின் வடகோடியில் டோனாமி. காகிதத்தில் 30,000 கொகு, உண்மையில் விளைந்தது 7,000 சொச்சம். சுமார் 17,000 பேர் போனார்கள். பசியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். செத்த நாயைத் தின்று குளிர்காலம் ஓட்டிய ஷிபா கோரோ என்ற பையன் பின்னால் ராணுவத் தளபதி ஆனார். 1871இல் எல்லாச் சிற்றரசுகளும் ஒழிந்தபோது டோனாமியும் போனது. ஒரு சிறு கூட்டம் கலிஃபோர்னியாவில் தேயிலையும் பட்டும் வளர்க்கப் போய்ப் பலிக்காமல் கலைந்தது. ஓகெய் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் கல்லறை அங்கே இருக்கிறது.

எட்டு வயதில் கோட்டைக்குள் இருந்த யமகவா சுதேமட்சு அமெரிக்காவில் படித்து 1882இல் பட்டம் பெற்றார், அதுவும் ஜப்பானியப் பெண்களில் முதலாவதாக. திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டது யாரை? ஐஸுவை முற்றுகையிட்ட படையில் இருந்த சட்சுமா பீரங்கி அதிகாரி ஓயமா இவாவோவை. வீட்டில் முதலில் எப்படி எதிர்த்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

கதாமோரி?

தன் தரப்பு நியாயத்தை எங்கும் பேசவில்லை. நிக்கோவில் இயெயாசுவின் கோயிலுக்குத் தலைமை அர்ச்சகராக இருந்து 1893இல் இறந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு மூங்கில் குழாய் தொங்கும், குளிக்கும்போது மட்டும் கழற்றுவாராம். உள்ளே இருந்தவை கோமெய் பேரரசர் எழுதிக் கொடுத்த கடிதமும் கவிதையும். அதை வெளியில் காட்டியிருந்தால் 'துரோகி' என்ற பட்டம் அன்றே கேள்விக்குள்ளாகியிருக்கும்.

அவர் பேத்தி செட்சுகோ 1928இல் பேரரசரின் தம்பியை மணந்தபோதுதான் ஐஸு நிமிர்ந்தது. நம்மைப் போலவே அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு. 1868இன் அதே ஆண்டுப் பெயர் திரும்பிவந்த வருஷம் அது.

சோஷு மேல் இன்னும் கோபம் இருக்கிறதா?

1986இல் சோஷுவின் பழைய தலைநகரான ஹாகி, நூற்றிருபது வருஷம் ஆகிவிட்டதே, சமாதானமாகிவிடலாமா என்று கேட்டது. இன்னும் அதற்கு நேரம் வரவில்லை என்று ஐஸு மறுத்துவிட்டது. 2011 நிலநடுக்கத்தின்போது ஹாகி உதவி அனுப்பியது, நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள். சமாதானம் வேறு, நன்றி வேறு.

போனால் என்ன பார்க்கலாம்?

கோட்டையை 1874இல் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1965இல் கட்டிய கான்கிரீட். 2011இல் பழையபடி சிவப்பு ஓடு வேய்ந்தார்கள். பனியில் வெடிக்காமல் இருக்கச் சுட்ட ஓடு அது. அடியில் இருக்கும் கற்சுவர் மட்டும் அசல், கமோ காலத்தது. இமோரி குன்றில் கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே 1796இல் கட்டிய மரக்கோயில் ஒன்று உண்டு, ஏறும் வழியும் இறங்கும் வழியும் சந்திக்காமல் சுருளாகப் போகும்.

கோட்டை வளாகத்தில் ரின்காகு என்ற ஓலைக்கூரைத் தேநீர்க் குடில் இருக்கும். ரிக்யூவின் மகன் ஒளிந்திருந்தபோது உஜிசாதோவுக்காகக் கட்டியது என்பார்கள். கோட்டையை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர்க்காரர் ஒருவர் அதைப் பெயர்த்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அவர் வீட்டில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு 1990இல் பழைய இடத்துக்குத் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.